நெய்ம்மிதியும் உழுந்துச் சக்கையும்: கடல்வழி வந்த குதிரைகள் எதைத் தின்று மடிந்தன?

மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பள்ளியறைச் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்களைக் காணவே செல்கின்றனர். 1555 அளவில் போர்த்துக்கேயர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, 1663க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்ட அக்கட்டடத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை ஓவியங்கள் அல்ல. அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பல்லக்குகள். தந்தவேலைப்பாடு கொண்ட பல்லக்கு ஒன்றும், யானைமேல் ஏற்றும் அம்பாரியும் அவற்றுள் அடங்கும். மனிதத் தோளும் யானை முதுகுமே இங்கு அரச ஊர்திகள். தென்னிந்தியக் குதிரை வணிகத்தை ஆராயும் ஒருவனுக்கு இக்கூடம் ஒரு வினாவை எழுப்புகிறது: அரபிக்கடலின் குதிரைக் கப்பல்கள் தொட்டுச் சென்ற இக்கரையில், குதிரை ஏன் அரசரின் அன்றாட ஊர்தியாகவில்லை?

இதை முதலில் கவனித்தவன் நான் அல்லன். 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரை நெடுகப் பயணம் செய்த இபின் பதூதா, இந்நாட்டில் எவரும் விலங்கின்மேல் ஏறிச் செல்வதில்லை என்றும், அரசரிடம் மட்டுமே குதிரை உண்டு என்றும், வசதியுள்ளோர் பல்லக்கில் செல்வர் என்றும், வணிகச் சரக்கை ஆட்களே தலையிலும் தோளிலும் சுமப்பர் என்றும் எழுதினார்.

ஆனால் இதே கரை குதிரையை விற்ற கரையும் ஆகும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள்’ தென்படுகின்றனர். மலைமண்டலம் என்பது இன்றைய கேரளம். கடல்வழி வந்த குதிரைகளைக் கணவாய்கள் வழியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற இவர்கள், இங்குள்ள கோயில்களுக்கும் கொடை அளித்துள்ளனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணூருக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, பாரசீகக் குதிரைகள் இறங்கும் துறைமுகம் அது என்றும், குதிரை ஒன்றுக்கு 25 டுகாட் சுங்கம் என்றும், பின்னர் அவை விஜயநகர நாட்டுக்குச் செல்லும் என்றும் குறிக்கிறார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இவ்வணிகத்தை அங்குத் திருப்பிக்கொண்டனர்.

எனவே கேரளக் கரை குதிரையை அறியாத கரை அன்று. குதிரையின் விலையையும் சுங்கத்தையும் நன்கு அறிந்தும், அதைத் தன் இலாயத்தில் பெருக்காத கரை. மலைக்குக் கிழக்கே பாண்டிய நாடு இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. அது குதிரைகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவை ஆயிரக்கணக்கில் மடிந்தன. இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் போர்முறையைக் கொண்டே விளக்குகிறோம். தீவனத்தைக் கொண்டும் விளக்க வேண்டும் என்பது இப்பதிவின் கருத்து. அதற்கு முதலில் பாண்டிய நாட்டுக் குதிரைகளின் மரணம் பற்றி நாம் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

*

அக்கதைக்கு இரண்டு சாட்சிகள் உள்ளனர்.

முதல்வர் மார்க்கோ போலோ. 1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டைக் கண்டவர். ஹொர்முஸ், கீஷ், ஸுபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து வணிகர்கள் குதிரைகளைக் கொணர்கின்றனர். அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்டவற்றை வாங்குகிறார். ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்கிறார். காரணமாக அவர் கூறுவன இரண்டு. ஒன்று, இங்குக் குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் பிற சமைத்த உணவும் அளிக்கின்றனர். மற்றொன்று, குதிரையைப் பேணத் தெரிந்த ஆள் இங்கு இல்லை. குதிரை மருத்துவர்கள் இங்கு வராதபடி வணிகர்களே தடுக்கின்றனர், ஏனெனில் குதிரை மடிந்தால்தான் அடுத்த குதிரை விலைபோகும். உயர்ந்த பெட்டைக்கும் உயர்ந்த ஆண்குதிரைக்கும் இங்குப் பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, ஏறிச்செல்ல உதவாததாக இருக்கும் என்றும் அவர் சேர்க்கிறார்.

இரண்டாமவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். சுந்தர பாண்டியனுக்கு ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்பக் கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் இப்ராஹிம் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பதிவு செய்தவர் இவர். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசு விலை தரவேண்டும். வாற்கோதுமையைப் பச்சையாக இடாமல் வறுத்தும், தானியத்தில் நெய் சேர்த்தும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கின்றனர் என்று அவர் வியக்கிறார். குதிரையை 40 நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து, பின் பயிற்சியின்றி ஏறி ஓட்டுகின்றனர். காற்றாய்ப் பறந்த குதிரைகள் சில நாளில் தளர்ந்து பயனற்றுப் போகின்றன என்கிறார். இச்செலவு கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த பெண்கள்மீது விதித்த வரியிலிருந்தும் ஈடுசெய்யப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தியே.

இவ்விரு கூற்றுகளும் நம் பாடநூல்களில் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டன: ‘தமிழர்க்குக் குதிரை வளர்க்கத் தெரியாது, சோறும் கறியும் போட்டுக் கொன்றனர்.’ பிற்கால ஆசிரியர்கள் இவ்வரியை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதே மிகுதி. நானும் முதுகலை வகுப்பில் இதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவனே. இன்று அதை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

*

முதலாவது, சமைத்த தானியமும் இறைச்சியும் நெய்யும் அறியாமையின் கண்டுபிடிப்புகள் அல்ல. அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் நூலில் ‘அசுவாத்தியட்சன்’ என்னும் குதிரைக் கண்காணிப்பாளனுக்குரிய பகுதி, உயர்தரக் குதிரை ஒன்றின் நாட்படியைப் பட்டியலிடுகிறது. இரண்டு துரோணம் தானியம், பாதி உலர்ந்ததாகவோ பாதி வெந்ததாகவோ. அல்லது வேகவைத்த பயறோ உளுந்தோ. ஒரு பிரஸ்தம் எண்ணெய். 5 பலம் உப்பு. 50 பலம் இறைச்சி. உணவை நனைக்க ஓர் ஆடகம் சாறு, அல்லது அதனினும் இருமடங்கு தயிர். இனிப்பு சேர்த்த மதுவோ பாலோ பருகுவதற்கு. இவற்றுடன் புல். குட்டி ஈன்ற பெட்டைக்கு முதல் மூன்று இரவும் நெய். மேலும், உடல் மெலிவையும் பெருக்கத்தையும் சீர்செய்து, பருவத்திற்கேற்ப உணவை மாற்றும் பொறுப்பை அந்நூல் குதிரை மருத்துவரிடம் ஒப்படைக்கிறது.

அந்நூல் பாண்டியரின் இலாயத்தில் படிக்கப்பட்டது என்று நான் கூறவில்லை. போலோவுக்கு விந்தையாகத் தோன்றிய உணவு, இந்தியத் துணைக்கண்டத்தில் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே எழுத்தில் அமைந்துவிட்ட ஒரு முறை என்பதே இங்குக் கருத்து. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ மரபும் அதன் தொடர்ச்சியே. ‘பேணத் தெரிந்த ஆளே இல்லை’ என்ற கூற்றை இதன் எதிரே வைத்து எடைபோட வேண்டும்.

இரண்டாவது சான்றைப் போலோவே தருகிறார். தென் அரேபியத் துறைமுகமான ஷிஹ்ரைப் பற்றி எழுதுமிடத்தில், அங்குப் புல் இல்லாமையால் மாடு, ஒட்டகம், குதிரை உள்ளிட்ட எல்லாக் கால்நடைகளும் சிறுமீனைத் தின்றே வாழ்கின்றன என்கிறார். பாண்டிய நாட்டுக்குக் குதிரை அனுப்பிய துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. மீன் தின்ற குதிரை ஷிஹ்ரில் உயிரோடிருந்து ஏற்றுமதிக்கும் தகுதி பெறுகிறது; இறைச்சி தின்ற குதிரை மதுரையில் மடிகிறது. ஊன் உணவு மட்டுமே காரணமாயின் இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இயலாது. முள்ளோடு உலர்த்திய சிறுமீன் சுண்ணாம்புச்சத்து நிறைந்தது என்பதை இங்கு நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். சற்றுப் பின்னர் அது தேவைப்படும்.

மூன்றாவது, குதிரையைக் கொல்வது தீவனம் மட்டுமன்று. 1880இல் பஞ்சாபில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ், குதிரைகளையும் ஒட்டகங்களையும் மாய்த்துவந்த ‘சர்ரா’ நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் குருதியில் கண்டறிந்தார். கடிக்கும் ஈக்களால் பரவும் இந்நோய் மழைக்காலத்தை ஒட்டி மிகும். வறண்ட பாரசீக வளைகுடாவிலிருந்து ஈரம் மிகுந்த வயல்வெளிக்கு வந்த குதிரைக்கு இத்தகைய நோய்கள் புதியவை. 13ஆம் நூற்றாண்டு மரணங்களில் இவற்றின் பங்கு இன்ன அளவு என்று அளக்க வழியில்லை. ஆனால் பழி முழுவதையும் தீவனத் தொட்டியின்மேல் போடுவது முறையாகாது.

*

அவ்வாறாயின் தீவனத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது போலோ சுட்டிய இடத்தில் இல்லை. இதை விளக்கக் குதிரையின் வயிற்றுக்குள் சிறிது செல்ல வேண்டும். வரலாற்று மாணவர்கள் பொறுத்தருள்க.

மாடு அசைபோடும் விலங்கு. அதன் நார்ச்செரிமானம் முன்வயிற்றில் நிகழ்கிறது. குதிரைக்கு அது குடலின் பிற்பகுதியில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நிகழ்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே புல்லை ஆற்றலாக மாற்றுகின்றன. குதிரையின் இரைப்பையோ உடலளவை நோக்க மிகச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். எனவே அது சிறிது சிறிதாக, நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட உயிர். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும் உலர்ந்த நிலையில் புல்லோ வைக்கோலோ நாள்தோறும் வேண்டும் என்பது இன்றைய கால்நடை அறிவியல் தரும் கீழ்வரம்பு. 400 கிலோ எடையுள்ள அரபுக் குதிரைக்கு இது 6 கிலோ. தானியம் இதற்குத் துணையாகலாம். இதன் இடத்தைப் பிடிக்கலாகாது.

ஒரே வேளையில் மாவுச்சத்து மிகுதியாக உள்ளே சென்றால் சிறுகுடலால் அதனை முழுதும் செரிக்க இயலாது. மிஞ்சியது பெருங்குடலுக்குச் சென்று புளித்து அமிலமாகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. விளைவு சூலை நோய். குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. அல்லது குளம்புக்குள் அழற்சி தோன்றி நடை தளர்கிறது. 40 நாள் முளையில் கட்டி, அசைய விடாமல், நெய்த் தானியம் ஊட்டிக் கொழுக்கவைத்து, பின் திடீரென ஓட்டினால் என்ன நேரும் என்று இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டால், வஸ்ஸாஃப் எழுதிய ‘தளர்ந்து பயனற்றுப் போதல்’ என்பதையே வேறு சொற்களில் கூறுவார்.

நெய்யைத் தனியே குற்றம் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. எனினும் கொழுப்பை அது நன்கு செரிக்கும். நெடுந்தொலைவு ஓடும் குதிரைகளுக்கு இன்றும் எண்ணெய் சேர்க்கின்றனர். பயறு வகைகளை வேகவைப்பதும் நல்லதே. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன, வெப்பம் அவற்றைக் குறைக்கிறது. ஆகவே ‘சமைத்த உணவு’ என்பது குற்றச்சாட்டே ஆகாது. குற்றம் இருந்தால் அது தட்டில் இருந்ததில் அன்று, இல்லாததில் உள்ளது: போதிய புல் இல்லை.

இன்னொரு செய்தி. எலும்பு உறுதிக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரசுக்குச் சமமாகவேனும் இருக்க வேண்டும். இருமடங்கு வரை இருப்பது நன்று. நெல் விளையும் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் தவிட்டில் பாஸ்பரசு சுண்ணாம்புச்சத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். வைக்கோலில் மணற்சத்து மிகுதி, ஊட்டம் குறைவு. வெப்பமண்டலப் புற்கள் சிலவற்றில் உள்ள ஆக்சலேட்டு, இருக்கும் சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாமல் பிணைத்துவிடும். இத்தகைய தீவனத்தில் நெடுநாள் வாழும் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழக்கிறது. முகவெலும்பு வீங்குகிறது, கால் நொண்டுகிறது. போலோ கண்ட, அல்லது கேட்ட, கால் கோணிய குட்டிகளை நான் இந்த வெளிச்சத்தில் படிக்கிறேன். இது என் ஊகமே. எலும்புச் சான்று கிடைக்கும்வரை ஊகமாகவே நிற்கட்டும். ஆனால் ஷிஹ்ரின் முள்மீன் அங்கிருந்த குதிரைக்குத் தந்ததும், நெல்நாட்டுத் தொட்டி இங்கு வந்த குதிரைக்குத் தராததும் ஒன்றே என்பது கருதத்தக்கது.

*

‘இதெல்லாம் இன்றைய அறிவியல், அன்று யாருக்குத் தெரிந்திருக்கும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் ஆய்வின் திசையை மாற்றியது இக்கேள்விக்குக் கிடைத்த விடைதான். அது பாரசீகத்திலோ இத்தாலியத்திலோ இல்லை, புறநானூற்றில் உள்ளது.

புறநானூற்றின் 299ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. துறை, குதிரை மறம். பாட்டில் இரண்டு வகைக் குதிரைகள் வருகின்றன. ஒன்று பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனுடையது, உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, நடையோ தளர்ந்தது. மற்றவை மருதநிலத்து வேந்தருடையவை. நெய் பெய்து மிதித்து அமைத்த கவளத்தை உண்டவை. பிடரி கத்தரித்து ஒப்பனை செய்யப்பட்டவை. போர் நேர்ந்தபோது, சக்கை தின்ற குதிரை கடலைப் பிளக்கும் தோணியென எதிரிப்படையைக் கிழித்துச் செல்கிறது. நெய்க்கவளம் உண்டவை தயங்கி ஒதுங்கி நிற்கின்றன.

போலோவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டது என்று பொதுவாகக் கொள்ளப்படும் ஒரு தமிழ்ப் பாட்டு, குதிரைகளைத் தீவனத்தைக் கொண்டே இனம் பிரிக்கிறது. பாட்டைத் தீவன ஆய்வறிக்கையாக நான் படிக்கவில்லை. பொன்முடியாரின் நோக்கம் சிற்றூர்த் தலைவனின் வீரத்தைப் புகழ்வது. செல்வம் வீரத்தைத் தராது என்பது அதன் சாரம். எனினும் கேட்போர் உடனே ஏற்கும் ஓர் அனுபவம் பின்னணியில் இருந்தாலன்றி அந்த ஒப்பீடு எடுபடாது. நெய்க்கவளம் செல்வத்தின் அடையாளம், ஆற்றலின் அடையாளம் அன்று என்பது அவையினர் அறிந்ததே. உழுந்தின் சக்கை என்பது நார். பயற்றுக்கொடி இனத்துச் சக்கையாதலால் வைக்கோலைவிடச் சுண்ணாம்புச்சத்து கூடியது. சிற்றூர்க் குதிரை வறுமையால் பெற்றதை இன்றைய கால்நடை மருத்துவர் பரிந்துரையாகவே எழுதுவார்.

ஆகவே தமிழர்க்குத் தெரியவில்லை என்று பொதுவாகக் கூற இயலாது. தெரிந்தவர் ஒருவராகவும் முடிவெடுத்தவர் மற்றொருவராகவும் இருந்தனர் என்று கூறலாம்.

*

வேந்தரின் இலாயம் ஏன் நெய்க்கவளத்தைக் கைவிடவில்லை? இரண்டு காரணங்களைக் கருதுகிறேன்.

ஒன்று, மதிப்பு. 220 பொன் கொடுத்து வாங்கிய விலங்கின் முன் சக்கையைப் போடுவது அரசனின் பெருமைக்கு ஒவ்வாது. தெய்வத்துக்கும் விருந்தினர்க்கும் பட்டத்து யானைக்கும் எவ்வுணவு உயர்ந்ததோ, அதுவே குதிரைக்கும் உயர்ந்தது எனக் கொண்டனர். குதிரையின் குடலுக்கு ஏற்ப அன்று, குதிரையின் விலைக்கு ஏற்ப உணவு அமைந்தது.

மற்றொன்று, நிலம். மருதம் நெல்லின் நிலம். ஆற்றுப்படுகையில் ஒவ்வொரு பாத்தியும் உணவுக்கும் வரிக்கும் உரியது. 2000 குதிரைகளுக்கு, தலைக்கு 6 கிலோ உலர்தீவனம் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 12,000 கிலோ. பசும்புல்லாயின் அதைப்போலப் பல மடங்கு. அதை நாள்தோறும் அறுத்து, சுமந்து, நகருக்குள் கொணர்வதைவிடக் களஞ்சியத்து நெல்லை வேகவைப்பது எளிது. தொலைவிலிருந்து கொணரவும் சேமிக்கவும் தானியமே வசதி. நெய்க்கவளம் புல் பற்றாக்குறையின் மறுபக்கம் என்றே இதனைக் காண்கிறேன். நகர்ப்புறக் குதிரைக்குப் புல்லைக் குறைத்துத் தானியத்தை மிகுப்பது இன்றும் பல நாடுகளில் நிகழும் தவறே.

பிற்காலச் சென்னை மாகாணம் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதும் இதற்குச் சான்று. அங்குக் குதிரையின் தானியம் கொள்ளு, தென்மாவட்டங்களில் அதற்குக் காணம் என்று பெயர், மலையாளத்தில் முதிர. புறநானூற்றின் 335ஆம் பாட்டு மக்களின் உணவாக எண்ணும் நான்கனுள் ஒன்றான கொள்ளு, ஆங்கிலேயர் வாயில் குதிரையின் பெயராலேயே அறியப்படும் பயறாயிற்று. ‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்’ என்பது நம் பழமொழி. ஆனால் கொள்ளு மட்டும் போதவில்லை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரோடு புல்லறுக்கும் ஆள் ஒருவரையும் அமர்த்த வேண்டியிருந்தது. பல வீடுகளில் அது குதிரைக்காரரின் மனைவி. வாய்க்கால் வரப்புகளில் அறுகம்புல்லை வேரோடு தோண்டி, மண் போக அலசி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவது அவர் வேலை. அலசுதல் அழகுக்காக அன்று; வேரோடு ஒட்டிய மணல் குடலில் தங்கினால் குதிரைக்குச் சூலை வரும். இதை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். பாண்டியரின் ஆவணங்களிலும் பாரசீகரின் நூல்களிலும் குதிரைக்கு விலை உண்டு, வணிகருக்குப் பெயர் உண்டு. புல்லறுத்தவருக்கு வரியே இல்லை. தென்னிந்தியக் குதிரையின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் வெற்றிடம் இதுவே.

*

இப்போது மட்டாஞ்சேரிக்குத் திரும்பலாம்.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நகரைச் சுற்றி உப்பங்கழி, தென்னந்தோப்பு, உவர்நீரைத் தாங்கி விளையும் பொக்காளி நெல்வயல். ஓராறு கடந்தால் இன்னோராறு. குதிரை ஓடுவதற்கு வழி இல்லை என்பதை எல்லோரும் சொல்கிறோம். மேய்வதற்கு வெளி இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஈரத்தில் குளம்பு அழுகும். உலர்புல்லைச் சேமித்தால் பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணம் பிடித்த தீவனம் குதிரைக்கு நஞ்சு. இத்தகைய நிலத்தில் ஆயிரம் குதிரைகளை நிறுத்தும் அரசன், ஆயிரம் குதிரைகளின் மரணத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பாண்டியர் கட்டினர். கோயில் நிலத்து உழவரும் கோயிலைச் சார்ந்த பெண்களும் உண்மையில் கட்டினர்.

மலபார் அரசர்களோ, நான் அறிந்தவரை, அந்தக் கணக்குக்குள் பெரிதாக இறங்கவில்லை. அவர்களின் படை நாயர் காலாட்படை. சரக்குக்குத் தோணியும் தோளும். குதிரை கரையில் இறங்கட்டும், சுங்கம் தரட்டும், மலை ஏறிச் செல்லட்டும். இதை ஓர் அரசரின் ஞானம் என்று புகழ நான் வரவில்லை. பல்லக்கைச் சுமந்த தோள்களுக்கு அது எவ்வகையிலும் மேலான ஏற்பாடும் அன்று. குதிரை இல்லாமை பின்தங்கிய நிலையின் அடையாளம் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். நிலம் எதைத் தீனியாகத் தரும், எதைத் தராது என்ற அறிவும் அதற்குள் இருக்கிறது.

அரண்மனையை விட்டு வெளியே வந்து கடைத்தெருவில் நடந்தபோது, ஒரு மளிகைக் கடையின் சாக்கில் கொள்ளு இருந்தது. விலைச்சீட்டில் ‘முதிர’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. பழந்தமிழில் ‘முதிரை’ என்பது பயறு வகை அனைத்துக்கும் பொதுப்பெயர். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். கஞ்சியோடு தோரன் வைத்துத் தின்ன மனிதர்கள்தான் வாங்குகிறார்கள், வேறு யார் என்று கடைக்காரர் சிரித்தார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டுகளிலோ கோயில் ஓலைக் கணக்குகளிலோ குதிரைக்கான படித்தரம், புல்லுக்கான நிலக்கொடை, புல்லறுப்பவருக்கான கூலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டிருந்தால் எழுதுங்கள். ‘குதிரைச் செட்டி’ என்ற சொல்லைத் தேடிப் பலர் படித்துவிட்டோம். ‘புல்’ என்ற சொல்லைத் தேடி அதே கல்வெட்டுகளை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும்.